இல்லாத இரண்டு கம்பிகள்

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
எனாமல் தூக்கு, எச்சில் பணிக்கம், ஓடாத கடிகாரம் ஏழு.
அவற்றுக்குப் பின்னால்
சுவரோடு சாய்ந்து நின்றது.
ஜப்பான் சரக்கு. தலையில் பேர் உதிர்ந்து
மூன்றெழுத்து மிச்சம்.
வார்னிஷ், காய்ந்த கண்மாய்த் தரைபோல் வெடித்திருந்தது.

"பினாங்கிலேர்ந்து வந்த வீட்டுச் சாமான்" என்றார் சிக்கந்தர்.
"கிட்டார். ரெண்டு கம்பி அறுந்துபோச்சு.
ஆறாயிரம் சொல்றது,
கம்பிக்கு ஆயிரம் கழிச்சு நாலு குடுங்க."

இருபத்திரண்டு வருஷமாய்
கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் பேஸ் வாசிக்கிறவன் நான்.
அதற்குப் பிறவியிலேயே நாலு கம்பிதான் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
திறந்த வாயில்
அவர் வாங்கித் தந்த டீயை ஊற்றிக்கொண்டேன்.

மூலையில் ஒரு பெட்டி. சல்லடைத் துணி கிழிந்து,
உள்ளே வால்வு ஆம்ப்.
பழைய இரும்புக்கு எடுத்துவைத்தது.
பதினெட்டுக் கிலோ, கிலோ நாற்பது.
டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

ரேடியோ அருளப்பன் முதுகுப் பலகையைக் கழற்றினார்.
பல்லி முட்டை இரண்டு.
கெப்பாசிட்டர்கள் மொட்டைமாடி வடகம்போல் உப்பி.
"வால்வத் தூக்கிட்டு ஐ.சி. போட்டுத் தர்றேன்,
ரெண்டு மணி நேர வேலை."
வேண்டாம் என்றேன்.
"அப்ப ரெண்டு மாசம்."
நாலு மாசம் எடுத்துக்கொண்டார்.
ஒரு வால்வு சென்னையிலிருந்து வந்தது,
ஒன்று தேவகோட்டையில் செத்துப்போன ரேடியோவிலிருந்து.

அதற்குள் நான் கழுத்தின் வளைவை
நாளுக்குக் கால் திருகாய் நிமிர்த்தினேன்.
பிருடை நாலில் ஒன்று வழுக்கியது.
புதுசாய் நாலு வரவழைத்து
வழுக்கியதை மட்டும் மாற்றினேன்.
மூன்று மங்கல், ஒன்று பளபளப்பு:
சிரித்தால் தெரியும் தங்கப்பல்.
பிக்கப்பையும் மாற்றிவிடு என்றான் கீபோர்டு சவரிநாதன்.
அவன் வருஷத்துக்கு ஒரு கீபோர்டு மாற்றுகிறவன்.

பள்ளத்தூர் வீடு. ஆத்தங்குடிக் கல்லின் மேல்
சாக்கை மடித்துப் போட்டு ஆம்பை வைத்தேன்.
சுவிட்ச் போட்டால் உடனே பேசாது.
வால்வுக்குள் ஆரஞ்சு ஊறி
தூசி வேகும் வாசனை வரும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.
பிறகு தடித்த கம்பியை ஒரே ஒரு முறை தட்டினேன்.

காதுக்கு வரும் முன்
உள்ளங்காலுக்கு வந்தது.
அடுக்களையில் தட்டுகள் பல்லைக் கடித்தன.
"எவன்டா அது சந்துக்குள்ள
லாரிய ரிவர்ஸ் எடுக்கிறது?" என்று
கரண்டியோடு வந்தாள் வள்ளிக்கண்ணு.
இன்னொரு முறை தட்டினேன்.
நின்றாள்.
கரண்டியைப் பெட்டி மேல் வைத்து
அது ஆடுவதைப் பார்த்தாள்.
குழம்பு அடிப்பிடித்தது. இருவரும் சாப்பிட்டோம்.

எல்லாம் சரி,
வாசிக்காத நேரத்தில் ஒரு ரீங்காரம்.
ம்ம்ம் என்று, கேட்டும் கேட்காமல்.
எர்த் சரியில்லை என்றார் அருளப்பன்.
எனக்கு வேறு சந்தேகம்.
பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்
இல்லாத அந்த இரண்டு கம்பிகளும்
ரெண்டாயிரம் ரூபாயை முனகிக்கொண்டிருந்தன.

வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
முதல் வரிசையில் சிக்கந்தர்,
மாப்பிள்ளை வீட்டுக்குப் பழைய அலமாரி கொடுத்தவராம்.
கச்சேரி முடிந்ததும் மேடைக்கு வந்து
கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார்.
"இன்னும் ரெண்டு போடலியா?"

வேர்த்த கையோடு சொல்லிவிட்டேன்.
நாலுதான். அன்றைக்கே தெரியும். தப்புதான்.
சட்டைப்பையில் ரெண்டாயிரத்தைத் தேடினேன்.

அவர் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.
"வித்த வீட்டுப் பையன் அப்பவே சொல்லிட்டான், நாலு கம்பின்னு.
வெல எப்பவும் நாலாயிரந்தாங்க.
குறை சொல்லிக் குறைச்சாத்தான்
வாங்குறவன் யோசிக்காம எடுப்பான்.
எடுத்தீங்களே."

பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

காலி மேடையில் ஆம்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
காதை வைத்துப் பார்த்தேன்.
ம்ம்ம்.

அப்படியானால் எர்த்தான்.
நாளைக்கு அருளப்பனைக் கூப்பிட வேண்டும்.