விலக்குப் பிரிவு

மூன்று தடவை ரத்தானது அந்த டெண்டர்.
பத்து டீசல் பம்பு, நாற்பது மீட்டர் ஹோஸ்,
இரண்டு ரப்பர் படகு.

மே மாதம்
நான் ஒருத்திதான் விலை போட்டிருந்தேன்.
ஒற்றை ஆள் என்றால் சட்டத்துக்குச் சந்தேகம் வரும்,
இரண்டாம் ஆட்டத்துக்குத் தனியாக வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல.

ஜூனில் மூன்று பேர்.
மற்ற இருவருக்கும் ஒரே கதவு எண்.
ரத்து.

ஜூலையில் நான்தான் எல்-ஒன்.
கலாசிபாளையம் கடையில் பையன்களுக்கு
ஆளுக்கொரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன்.
நான்காம் நாள் ஈமெயில்:
நிதி வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டது.
எந்தத் தலைப்பு என்று விசாரித்தேன்.
பேரிடர் ஆயத்தம், இரண்டு நாள் கருத்தரங்கு.
என் முன்வைப்புத் தொகை ஐம்பத்தெட்டாயிரம்
சர்வருக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது,
வாடகை தராத உறவுக்காரன் மாதிரி.

சிவலிங்கய்யா நல்ல மனுஷன்.
என் கன்னடத்தைத் திருத்துவார்,
பில்லைத் திருத்தச் சொல்ல மாட்டார்.
"சட்டத்துல ஒரு பின்வாசல் இருக்கு அமுதவல்லி மேடம்.
விலக்குப் பிரிவு. பேரிடர்னா டெண்டர் வேண்டாம்,
நேரா வாங்கலாம்."
"அப்ப வாங்குங்க."
"பேரிடர் வரணுமே."
ஜன்னலுக்கு வெளியே
துவைத்துக் காயப்போட்ட மாதிரி வானம்.

ஏரிக்கும் கோடி உண்டு, பட்ஜெட்டுக்கும் கோடி உண்டு.
எது எந்தப் பக்கம் வழியும் என்று
கீழே தகரக் கொட்டகை போட்டவர்களுக்கு
யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் நாலு. இரவு இரண்டு பத்து.
"பம்பு இருக்கா?"
அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கேட்டது.
"எத்தனை?"
"இருக்கறது அத்தனையும்."
கொஞ்சம் தயங்கி,
"ரேட் நீங்களே போட்டுக்குங்க.
இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

முனாவர் டெம்போவைப் பின்னால் எடுத்து நிறுத்தினான்.
ஏழு பம்பு இருந்தது.
படகை ஆகஸ்டிலேயே
காவிரிக்கரை ரிசார்ட் ஒன்று வாங்கிப் போயிருந்தது,
விருந்தினர் போட்டோ எடுக்க.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பில் எழுதினேன்.
ஜூலை விலை மனப்பாடம்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரத்து நானூறு கூட்டினேன்.
முடங்கிய பணத்துக்கு நாலு மாத வட்டி
என்று சொல்லிக்கொண்டேன்.
கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

விடியும்போது ஏழும் உறுமிக்கொண்டிருந்தன.
ராஜகாலுவேயிலிருந்து கொட்டகைக்குள் வந்த தண்ணீரை
எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
ராஜகாலுவேயிலேயே விட்டார்கள்.
அது திரும்பி வந்தது.

ஒரு பெண் கேஸ் சிலிண்டரைக் கயிறு கட்டி
இழுத்துக்கொண்டு வந்தாள், பின்னால் மிதந்து வந்தது.
"காலியா?" என்றேன். வேறென்ன கேட்பது.
"காலிங்கறதாலதான் கூட வருது" என்றாள்.

படகு, படகு என்று எல்லோரும் கேட்டார்கள்.
மீன்கடையிலிருந்து தெர்மோகோல் பெட்டி ஒன்று வந்தது.
இரண்டு குழந்தைகள் அதில் உட்கார்ந்து
வஞ்சிரம் நாற்றத்தோடு மேட்டுக்கு வந்தார்கள்.
பெரியவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜனவரியில் தணிக்கை. ஒன்பது கேள்விகள்.
விலையைப் பற்றி ஒன்றுமில்லை.
ஒவ்வொரு வரியிலும் அதைத்தான் தேடினேன்.
ஆறாவது:
நீர்மட்டம் எவ்வளவு, சென்டிமீட்டரில்?
தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன
என்று நாம் சொல்வோம்.
விலக்குப் பிரிவு சாணையும் கேட்கும்,
முழத்தையும் கேட்கும், மூன்று பிரதிகளில்.

ஏழாவது:
பேரிடர் தொடங்கிய தேதி?

சிவலிங்கய்யா படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
மே மாத வெயில் ஞாபகம் வந்தது.
அந்த நாலு மணி, சர்வர் மூடும் நேரம்,
திரையில் என் பெயர் மட்டும்.
அப்புறம் பாதாம் பால்.
அப்புறம் பல்லில் டார்ச், நாக்கில் பிளாஸ்டிக் ருசி.

கட்டத்தில் எட்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

"செப்டம்பர் நாலு" என்றேன்.
நான் சொல்வதற்கு முன்பே
அவர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.