இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே

பெட்டியின் முதுகில் எறும்பெழுத்தில் போட்டிருக்கிறது:
இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே வைக்கவும்.

செல்லூரில், அக்னி நட்சத்திரத்தில்,
தகரக் கூரைக்கு அடியில்
இருபத்தைந்துக்கு எங்கே போவேன்?
வீட்டுக்கார அம்மா ஃபிரிட்ஜில்
தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவே
என்னவென்று சொல்லி வைப்பேன் இதை?

தண்ணீர்ப்பானை உட்கார்ந்திருக்கும் ஈரமணலில்
ஜிப் கவரில் போட்டுப் புதைத்தேன்,
பன்னிரண்டு பொட்டலம்.
பானை கசிந்து கசிந்து காவல் காக்கிறது.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில்
திரைக்குப் பின்னால் கையுறையைக் கழற்றிக்கொண்டே
டாக்டரம்மா சொன்னார்:
"மரு. வேற ஒண்ணுமில்ல.
திங்கள், புதன், வெள்ளி, படுக்கப்போறப்ப.
கையக் கழுவிட்டுப் போடு, போட்டுட்டும் கழுவு.
மெல்லிசாத் தடவி மறையிற வரைக்கும் தேய்.
எட்டு மணி நேரம் கழிச்சு சோப்புப் போட்டு அலசு.
செவக்கும், எரியும். புண்ணாச்சுன்னா நிறுத்திட்டு வா.
பதினாறு வாரம்கூட ஆகலாம்.
அவரையும் ஒருநா கூட்டிட்டு வா."

யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.
கேட்டதுபோல் அவரே சொன்னார்:
"வருஷக்கணக்கா சத்தமில்லாமத் தூங்கும் இது.
எந்தத் தேதியில வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

மருவோடு இரண்டெழுத்துச் சேர்த்தால் மருந்து.
மூன்றெழுத்துச் சேர்த்தால் மருமகள்.
மூன்றும் பத்துக்குப் பத்து அறையில்,
அத்தையின் குறட்டைக்கு இந்தப் பக்கம்,
ஒரு பழைய சேலை மறைப்புக்குப் பின்னால்
விளக்கைப் போடாமல்
விரல் நுனியால் தேடித் தேடி.

பத்து மணிக்குப் போட்டால் ஆறு மணிக்குக் கழுவணும்.
ஆறு மணிக்கு
ஆறு குடித்தனமும் குளியலறை வாசலில், வாளியோடு.

தேதி கிழிக்கும் காலண்டரில்
போட்ட நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன்.
அத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"எந்தச் சாமிக்குடி விரதம்?"
"சொன்னாப் பலிக்காது அத்தை."
அன்றிலிருந்து புதன்கிழமைக் கருவாட்டுக்குழம்பு
எனக்கு மட்டும் கிடையாது.

கோர்ட்டு வாசல் ஜெராக்ஸ் கடையில்
நாள் முழுக்க நின்றே இருக்கிறேன்.
உட்கார்ந்தால் மிளகாய் அரைத்த அம்மி.
விவாகரத்து மனு, மூன்று செட், பின் அடித்து.
தாளில் 'தொற்று' என்று கண்ணில் பட்டால்
மெஷின் மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூடுகிறேன்.

மூன்றாவது வாரம் சோலைராஜாவிடம் சொன்னேன்.
வைகைக் கரை ரோட்டில்,
முட்டை வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
எஞ்சினை அணைத்தார்.
பின்னால் பேரையூருக்குப் போகிற நூறு தட்டு முட்டை,
ஒன்றும் மூச்சுவிடவில்லை.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு" என்றார்.
"பாலுண்ணின்னு நெனச்சு
முடியக் கட்டி அறுத்துட்டேன்."

எப்போது என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
தேதி அதற்கே தெரியாது என்றார் டாக்டரம்மா.
இவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவருக்கும் சீட்டுப் போட்டோம்.
ஆண்கள் வரிசையில் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.
திரும்பும்போது விளக்குத்தூண் பக்கம் இறங்கி
ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்,
பின்பக்கம் பச்சைப் பிளாஸ்டிக்,
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல்.
நான்கு நாள் அது பையிலேயே கிடந்தது.

இன்று ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை.
அத்தை கல்யாண வீட்டுக்கு உசிலம்பட்டி போயிருக்கிறாள்.
முதல்முறை விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
இவ்வளவு வருஷம் என்னோடே இருந்த இடம்,
புது ஊர் மாதிரி.
மூன்று இருந்த இடத்தில் ஒன்று,
அதுவும் கடுகு அளவு, சிவந்துபோய்,
யாரையோ திட்டிவிட்டு வந்ததுபோல.

அவர் வாசலில் படுத்திருக்கிறார்.
இருமுகிறார். தூங்கவில்லை.

கேட்பேன், அந்தத் தேதியை.
இந்த வாரம் இல்லை.
இரண்டாவது பெட்டியில் இன்னும் மூன்று பொட்டலம்.
பானையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது,
மணல் காய்வதற்குள்
ஒரு குடம் ஊற்ற வேண்டும்.