அரை அடி

காலை ஐந்தரைக்குக் கசாப்புக்கூட வாசலில்
பனிக்கட்டி வாளியோடு நிற்பேன்.
பன்றி மூளை நான்கு. ரசீது கேட்டால் வோய்த்தேக் சிரிப்பார்.
திரும்பும் டிராமில் வாளி என் மடியில்;
பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

அரைத்து, சுழற்றி, வடித்து, மறுபடி சுழற்றினால்
மூளையிலிருந்து நுண்குழல்கள் கிடைக்கும்,
கண்ணுக்கு எட்டாத தண்டவாளங்கள்.
அவற்றின் மேல் ஒரு புரதம் நடக்கும்.
கைனசின். அதன் தலைகளே அதன் கால்கள்.
முதுகில் கண்ணாடி மணி ஒன்றை ஏற்றி
லேசரால் மணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பேன்.
அது முன்னுக்கே போகும்.
அடிக்கு எட்டு நானோமீட்டர்.
ஒரு தலைமுடியின் அகலத்தைக் கடக்கப்
பத்தாயிரம் அடி.

பிர்னோவில், ஒரு நிலவறையில்,
அடி எண்ணுவதற்கு எனக்கு உதவித்தொகை.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில்
எட்டுக்கு நடுவே நான்கு தெரிந்தது.
ஹினெக் நாற்காலியை இழுத்துப் போட்டு
வெகுநேரம் திரையைப் பார்த்தார். பேசவில்லை.
அவர் பேசாவிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.
நான்காம் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன்.
அப்பாவிடம் போனில் சொன்னேன், அரை அடி வைக்கிறது என்று.
"முழுசா வைக்கச் சொல்லு ராத்கா" என்றார்.

அதிர்வு தெரியாதவளா நான்?
டிராம் அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.
வண்டி கடக்கும் நிமிடங்களைத்
தரவிலிருந்து நகம்போல் வெட்டி எறிந்தேன்.

பிப்ரவரியில் ஒரு வாரம் அரை அடி வரவில்லை.
புரதத்தைப் புதிதாகச் செய்தேன். லேசரை நேராக்கினேன்.
மறுபடி ஐந்தரை மணி, மறுபடி வாளி.
அடுத்த திங்கள் இரவு பத்துக்கு அது வந்தது,
நடைபாதையில் இன்னொரு வாளியின் சத்தத்தோடு.

ஹலீனா. எங்கள் தளத்தைத் துடைப்பவள்.
கார்கிவிலிருந்து வந்தவள்.
ஒரு வாரம் காய்ச்சலாம்.

டிராமுக்கு அட்டவணை இருந்தது.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
"சத்தம் போடுறேனா?"
"இல்ல. நடங்க."
நடந்தாள். கோடு படியேறியது.
"நில்லுங்க."
கோடு படுத்துக்கொண்டது.
ஆறு தடவை.
ஏழாவது தடவை நான் கேட்காமலே நடந்தாள்,
திறந்த கதவு வழியே கழுத்தைத் திருப்பித்
திரையைப் பார்த்தபடி.

"இதுவா நான்?"

ஒரு படி உயரம், அடுத்தது தாழ்வு.
"இடது கால். பழைய முறிவு" என்றாள்.
அந்தத் தாழ்வுக்காக
ஏழு சமன்பாடுகள் எழுதி வைத்திருந்தேன்.

மேசையைத் தாங்கும் காற்றுக்கால் ஒன்றில் வால்வு கசிந்திருக்கிறது.
எத்தனை மாதமோ.
ஒரு ரப்பர் வளையம், நாற்பது கொருனா.
ஹினெக் அன்றும் பேசவில்லை,
பிறகு, "ரெண்டா வாங்கு" என்றார்.

நான்காம் அத்தியாயம் இப்போது ஐந்தாக இருந்தது.
மூன்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு பக்கத்தைக்
காலியாக விட்டிருந்தேன்; அச்சகத்தில் பிழை என்று எடுத்துவிட்டார்கள்.

புரதம் எட்டு எட்டாகவே போகிறது.
ஹலீனா கடந்துபோவது தரவில் தெரிவதில்லை.
பத்து மணியானால் கதவைத் திறந்துதான்
பார்க்க வேண்டியிருக்கிறது.