பேரி மரத்து வளைவு

லிண்டன்மோஸ் நிலையம். செவ்வாய், காலை ஆறு மணி.
மேடையை உயர்த்தப் போகிறார்கள், இருபது சென்டிமீட்டர்.
அதற்கு முன் அளந்து கொடுப்பது என் வேலை.
முக்காலியை நிறுத்தினேன். கருவி ஒருமுறை கீச்சிட்டது.

இரண்டு தண்டவாளம், நடுவில் ஒரு மேடை.
அடியில் சுரங்கப்பாதை. பதினெட்டுப் படி,
மழைநாளில் பதினேழு.
டிக்கெட் கொடுத்த சன்னலுக்குள் இப்போது முடி வெட்டுகிறார்கள்.
பால் கேன் உருட்டிய சரிவில்
சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பிரித்த சுவரை
யாரோ எப்போதோ இடித்துவிட்டார்கள்;
தரை மட்டும் மறக்கவில்லை,
இந்தப் பக்கம் ஓக் பலகை, அந்தப் பக்கம் சிமெண்ட்.
நடுக்கோட்டில் ஒரு நாய் தூங்குகிறது,
தலை முதல் வகுப்பில்.

மேற்கு முனைதான் இடித்தது.
நேரே போகவேண்டிய தண்டவாளம்
தெற்கே ஒதுங்கி, பிறகு திரும்புகிறது.
பாறை இல்லை. ஓடை இல்லை.
மூன்று தடவை அளந்தேன். பிழை என்னுடையதல்ல.

ஆவணக்கூடத்திலிருந்து பழைய வரைபடம் வந்தது,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று.
வளைவின் வயிற்றுக்குள் சின்ன வட்டம்.
பக்கத்தில் பொடி எழுத்து:
'பேரி மரம். எல்ஸ்பெத் ட்சும்ப்ரூன். தரமாட்டாள்.'

அவ்வளவுதான்.
எவ்வளவு கொடுக்க முன்வந்தார்கள், எத்தனை பேர் போய் நின்றார்கள்,
கதவையாவது திறந்தாளா, ஒன்றும் இல்லை.
நானாயிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மரம் நின்ற இடத்தில் நாலு வாய்க் குப்பைத்தொட்டி.
அவள் சொன்ன 'மாட்டேன்' மட்டும்
அரைமணிக்கொரு தடவை
இருநூறு டன் ரயிலைத் தோளால் தள்ளுகிறது.
உள்ளே நிற்பவர்கள் கம்பியைப் பிடிக்கிறார்கள்,
காப்பி ததும்புகிறது,
போனிலிருந்து யாரும் நிமிர்வதில்லை.

ஆறு நாற்பத்திரண்டுக்கு ரெட்டோ வந்தார், சக்கர நாற்காலியில்.
வளைவில் கதவுக்கும் மேடைக்கும் நடுவே
பதினேழு சென்டிமீட்டர் பள்ளம்.
அளக்காமலே அவருக்குத் தெரியும்.
மேடை முழுக்க உருண்டு
கிழக்குக் கோடியில் போய் நின்றார்,
ஒவ்வொரு நாளும் போல.
எல்ஸ்பெத்தைப் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
ரயில் வந்துவிட்டது.

மாலை, அலுவலகம். படிவம் கேட்கிறது:
வளைவுக்கான காரணம்?
பாறை. நீர். கட்டடம். பிற.

'பிற' என்பதைத் தொட்டேன்.
விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் திறந்தது,
இருபது எழுத்துக்கு.