இடப்பக்கப் பின்சில்லு

மூன்றாம் நாள்.
சன்னிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
கண்ணுக்குள் துரு உதிர்கிறது.

அலஸ்தோட்டத்தில் கடல் வீட்டுக்கு வருவதில்லை,
காற்றைத்தான் அனுப்பும்.
அது கதவுப் பிணைச்சலைத் தின்னும்,
ஜன்னல் கம்பியைத் தின்னும்,
மாரி முழுக்க ஓடாமல் நின்ற காரில்
பின்தகட்டையும் நாலு போல்ட்டையும்
ஒரே இரும்பாக்கிவிட்டுப் போகும்.

டீசல் ஊற்றி ஊறவிட்டேன்.
சுத்தியலால் சுற்றிவரத் தட்டினேன்.
ஸ்பனரில் தண்ணிப் பைப்பைச் செருகித் தொங்கினேன்.
போல்ட் அசையவில்லை;
என் தோள்மூட்டு அசைந்தது.

மதிலுக்கு மேலால் நிஸ்தார்:
"வெட்டி எறியும் ஐசே."
அவனிடம் கிறைண்டர் இருக்கிறது.
கிறைண்டர் உள்ளவனுக்கு
உலகத்தில் கழற்ற ஒன்றுமில்லை.

பொழுதுபடக் கரண்ட் போனது.
ஜெசிந்தா மெழுகுதிரியோடு வந்து குந்தினாள்.
"டீசலை வடிவாத் துடையுங்கோ.
சுடவைச்சிட்டு இதைத் தேயுங்கோ.
அண்ணா போட் எஞ்சினுக்கு இப்பிடித்தான்."

சுட்ட இரும்பில்
மாதா கோயிலில் மிஞ்சிய திரி
உருகிப் புரிக்குள் இறங்கியது.
"இப்ப இறுக்குங்கோ."
"இறுக்கவோ?"
"ஒரு நூல்தான். பிறகு கழட்டுங்கோ."

மூன்று நாளும்
ஒரே பக்கம் இழுத்தவன்
மற்றப் பக்கம் ஒரு நூல் போனேன்.

டக்.

படலையடியில் நாய் எழும்பிப் பார்த்தது.
தேத்தண்ணி நிறத்தில் ஒரு சொட்டு
நெற்றியில் விழுந்தது.
கால் சுற்று.
அரைச் சுற்று. அதற்குப் பிறகு
விரலாலேயே சுழன்றது,
வெட்கமில்லாமல்.

வெளியே தலையை நீட்டி
அவளுக்குக் காட்டினேன்.
அவள் போல்ட்டைப் பார்க்கவில்லை.
திரியைப் பார்த்தாள்.

"இன்னும் மூண்டு கிடக்கு," என்றாள்.
"இது காணாது."