நாலரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே

தங்கச்சிமடம் ஐஸ் ஃபாக்டரியின் கம்ப்ரசர்
நாலரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே முனகும்.
எந்தச் சுருதிப்பெட்டியிலும் அது கிடையாது.
கிடாரை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொண்டேன்.
பின்சுவரில் சாய்ந்து பாடினால்
முதுகெலும்புக்குத்தான் முதலில் கேட்கும்.

பகலில் இறால் கம்பெனியில் பில் போடுகிறேன்.
இரவு பத்துக்கு மேல் பாட்டு.
எதிரொலி அடங்க அறைச்சுவரெல்லாம்
தெர்மாகோல் மீன்பெட்டியின் மூடிகள்.
எத்தனை கழுவியும்
மூன்றாவது சரணத்தில் நெத்திலி வாடை அடிக்கும்.

கோயில் கொயரில் ஆல்ட்டோ வரிசையில் நின்ற எட்டு வருசம்
தொண்டைக்குள் இன்னும் முழங்காலிட்டிருக்கிறது.
அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது
அக்கரை எஃப்எம்மின் பைலா.
காற்று அசையாத இரவுகளில்
மதுரையை அமுக்கிவிட்டு
நேரே எங்கள் அடுப்படிக்கு வந்து ஆடும்.

கீழக்கரை உவைஸ் தப்ஸோடு வந்தான்.
"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அடிக்கிறதை
காதல் முறிஞ்ச பாட்டுக்கு அடிக்கச் சொல்ற."
அடித்தான்.
கையை உதறிக்கொண்டே
"முறிஞ்ச மாதிரியே இல்லையே" என்றான்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது,
ஆறு மாதமாக.

ஏலக்காரர் சந்தியாகுவைக்
கேட்காமலே பதிந்துவிட்டேன்:
நானூறு நானூறு நானூத்திப்பத்து
பத்து பத்து பத்து இருவது
நான் மூச்சு வாங்கும் இடத்தில்
அவர் வாங்குவதில்லை.
பிறகு போய் ஒப்புக்கொண்டு
ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன்.
கண்மூடிக் கடைசிவரை கேட்டார்.
"இது அந்தப் பாறைமீனு ஏலம்ல?
எடுத்தவன் இன்னும் காசு தரல."

பாட்டை ஏற்றும் படிவத்தில் ஒரு கட்டம்:
வகை என்ன, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.
பாப். நாட்டுப்புறம். பக்தி. உலக இசை.
உலகம் எங்கே தொடங்குகிறதாம்?
தனுஷ்கோடி மணலில் நாலு எட்டு வைத்தால்
என் போன் இன்னொரு நாட்டுக்கு வரவேற்கிறது,
நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.
பில் போட்ட கைப்பழக்கத்தில்
சங்காயம் என்று அடிக்கப் போனேன்.
வலையில் எல்லாம் சேர்ந்து வந்து
தரம் பிரிக்க முடியாமல் போவதற்கு
எங்கள் கணக்கில் அதுதான் பெயர்.
கிலோவுக்குக் கிடைப்பதும் சொற்பம்.
அடித்ததை அழித்துவிட்டு
கட்டத்தை வெறுமனே விட்டேன்.
படிவம் சிவப்பாகிக் கோபித்தது.

கடைசிச் சரணம் பாக்கி இருக்கும்போது
ஏப்ரல் பதினைந்து. தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றோடொன்று கட்டிக்கிடந்தன.
யாருக்கு வேண்டும் ஐஸ்?
கம்ப்ரசர் நின்றது.
போனில் பதிந்த முனகலை ஓட்டிப் பாடிப் பார்த்தேன்.
அது கம்ப்ரசரின் போட்டோ. சாய முடியவில்லை.
சுவரும் சூடாக இருந்தது.

ஜூன் நடுவில் ஒரு விடியலில்
ஊரே டீசல் மணக்க
ஓடிப்போய் முதுகைக் கொடுத்தேன்.
சுத்தமான ஐந்து கட்டை.
மெக்கானிக் முருகபூபதி சிரித்தார்:
"புது மோட்டார்மா. பழசு கரகரங்குமே,
அந்தக் கோளாறே இனி இல்ல."
என் மூன்று சரணங்கள்
அந்தக் கோளாறுக்குள் இருக்கின்றன
என்று அவரிடம் எப்படிச் சொல்வது?
"நல்லாருக்குண்ணே" என்றேன்.

நாலாவதைப் புதுச் சுருதியில் பாடினேன்.
இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்
படகிலிருந்து தோணிக்குக் கால் மாற்றுவதுபோல்
வயிறு ஒரு கணம் தூக்கிப் போட்டது.
மூன்று இரவு தூக்கமில்லை.
நாலாம் இரவுதான் காதில் பட்டது:
நானூத்திப்பத்தில் தொடங்கும் சந்தியாகு
விலை ஏற ஏறத் தானும் ஏறி
நானூற்றைம்பதைத் தொடுகிறபோது
சரியாக ஐந்தில் நிற்கிறார்.
எந்த வாத்தியமும் இல்லாமல்
அந்த ஒன்பது விநாடியை நடுவில் வைத்தேன்.
பாட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு
அக்கரை ஏறிவிட்டது.

நேற்று மூன்று படகுகளில் ஓடியதாம்.
உவைஸ் சொன்னான், சங்குமாலில் கேட்டானாம்.
வகைக்கட்டம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.
பாறைமீனுக்கும் காசு வரவில்லை.