ஆறு மடிப்பு

செக்காலை ரோட்டுக் கடையில்
மெஷின் காட்டும் பையன்
எல்லாவற்றையும் வெள்ளைப் பாப்ளினில்தான் ஓட்டிக் காட்டினான்.
பாப்ளினில் எதுதான் ஓடாது.
வெயிலில் வைத்த வெண்ணெயில்
மழுங்கின கத்தியும் வீரன்தான்.

உரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.
பணம் பௌசியாவின் இடுப்பில்.
சாக்கில் இருந்தது
லாரித் தார்ப்பாய் ஒரு முழம்,
பஞ்சோடு ஒட்டின ஆட்டோ சீட் ரெக்சின்,
கானாடுகாத்தான் வீட்டுக்கு எடுத்த கேன்வாஸில் ஒரு துண்டு,
ஓரம் ஆறாய் மடித்து, நடுவே கயிறு வைத்து.

"அக்கா, இதில நூத்தியிருபது டிசைன் இருக்கு.
பூ வரும், வாத்து வரும், பேர்கூட எழுதும்."
வாத்து எனக்கு எதுக்குத் தம்பி.
முற்றத்தை மூடணும், இருபத்தெட்டு அடி.
மழை விழுந்தாலும்
பந்தியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது.

முதல் மெஷின் கேன்வாஸைக் கண்டதும்
ஊசியை ஒடித்துக்கொண்டது.
முனை பறந்து பையனின் சட்டைப் பொத்தானில் பட்டது.
இரண்டாவது ஓடியது. முத்து முத்தாகத் தையல்.
திருப்பினேன்.
அடியில் நூல், கோழி கிளறின குப்பை.
அவன் மேல்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தான்,
பெண் உள்ளே இருக்க
போட்டோவைக் காட்டும் தரகன் மாதிரி.

மூன்றாவது,
அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்,
பச்சைப் பெயின்ட் உதிர்ந்து.
ஆம்பூர்ப் பக்கம் மூடிப்போன செருப்புக் கம்பெனியின் சொத்து.
"அது வேணாங்க்கா, பழசு, அழகா இருக்காது."
என் கையைப் பார்த்தால்
அழகுக்கு வந்தவள் மாதிரியா இருக்கு?

அதற்குப் பாதம் இரண்டு.
ஒன்று துணியை மிதித்துக்கொள்ள
மற்றது எட்டு வைக்கும்.
ஊசியும் கூடவே ஓரடி நடந்துவிட்டுத்தான் எழும்பும்.
இருபத்திரண்டாம் நம்பர் ஊசி, தடித்த நைலான் நூல்.
மடிப்பு மேடு வந்தது.
நான் மூச்சைப் பிடித்தேன், அது பிடிக்கவில்லை.
குன்றக்குடிப் படியேறும் முழங்கால்வலிக்காரி மாதிரி
ஒவ்வொன்றாய்
ஒவ்வொன்றாய்
ஏறி, இறங்கியது.
அடியைத் திருப்பினேன். மேலே எப்படியோ அப்படியே.

பௌசியா வாயைத் திறக்கவில்லை.
கை இடுப்புக்குப் போனது.

சண்டை மோட்டாரில்தான்.
வேகமானதை எடுங்கள் என்றார் முதலாளி,
மிதித்தால் பறக்குமாம்.
பறக்கிறதை வைத்து என்ன செய்ய?
மூலை வந்தால் ஒரு குத்துக் குத்திவிட்டு
ஊசி உள்ளேயே இருக்க நிற்கணும்,
நான் துணியைத் திருப்புகிறவரை.
நிற்கத் தெரிந்த மோட்டார் ஆயிரத்தெண்ணூறு அதிகம்.
ஆயிரத்துக்கு வந்தார், எண்ணெய்க் குப்பியும் சேர்த்து.

அன்று ராத்திரி முதலில் தைத்தது
சாக்கின் அறுந்த காது.
அப்புறம் பன்னிரண்டு நாள்
கேன்வாஸ் மடியில் பாதி, வாசலில் பாதி.
பிள்ளைத்தாய்ச்சியை நடத்திக் கூட்டிவருவதுபோல்
மறுமுனையைத் தாங்கி வந்தாள் பௌசியா.

கானாடுகாத்தானில் விரித்ததும்
மேனேஜர் வயிரவன் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார்.
"மழைக்குத் தாங்குமா?"
தாங்கும்.
"காத்துக்கு?"
அண்ணாந்தேன்.
பர்மாத் தேக்குத் தூண்கள்.
முட்டைப்பூச்சுச் சுவரில் என் முகம் தெரிந்தது.
"தையல் தாங்கும்.
கொக்கி அடிக்க எங்க விடுவீங்க, அதைச் சொல்லுங்க."

தூணைத் தடவினார்.
சுவரைத் தடவினார்.
திரும்பத் தூணுக்கு வந்தார்.
பௌசியா கேன்வாஸ்மேல் உட்கார்ந்து
ஃபிளாஸ்க்கைத் திறக்கிறாள்.